தண்ணீர் தமிழ் கற்ற வருஷம்

கீழமதகடியில் வாய்க்கால் தண்ணீருக்குத் தமிழ் புரிய ஆரம்பித்தது எழுபத்தைந்தாம் வருஷம் ஆவணி மாதத்தில். அந்த மாதம் பூதலூர் சந்தையில் கத்தரிக்காய் சீப்பட்டுக் கிடந்தது, வெங்காயம் வாங்க ஆளில்லாத விலைக்குப் போயிருந்தது. தண்ணீர் முதன்முதலில் கற்றுக்கொண்ட சொல் சர்வாதிகாரம். அம்மா, ஆடு, இலை என்று முறையாகத் தொடங்காமல் நேரே இங்கே வந்து நின்றதற்காகத் தண்ணீரைக் குறை சொல்ல முடியாது. ஊரில் எந்தச் சொல் அதிகம் புழங்கியதோ அதைத்தான் அது பிடித்துக்கொண்டது.

அப்படித்தான் புழங்கியது அந்தச் சொல். தொழிலாளர் சங்கம் அரை மரக்கால் நெல் கூலி கூட்டிக் கேட்டால், மிராசுதார் பட்டாபிராமன் "சங்கத்தின் சர்வாதிகாரம்" என்று துண்டறிக்கை போடுவார். மறுநாளே சங்கம் "பண்ணையாரின் சர்வாதிகாரம்" என்று பதில் போடும். சிவப்புக் கொடிக்காரர்கள் "பாட்டாளி வர்க்க சர்வாதிகாரம்" என்பார்கள், வீட்டில் நிச்சயமான கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிற சந்தோஷத்தோடு. மாநிலத்தை ஆண்ட கட்சிக்காரர்கள் அதை டெல்லிக்குச் சொல்வார்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் மதராஸுக்குச் சொல்வார்கள். சீனி வராத நாளில் ரேஷன் கடைக்காரருக்கு, உப்பு கூடிப்போன நாளில் மருமகளுக்கு என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. யாருக்கும் ஒரு கீறலும் விழவில்லை. சொன்னவனும் கேட்டவனும் ஒரே கடையில் டீ குடித்துவிட்டுப் போவார்கள்.

இத்தனை பேருக்கும் துண்டறிக்கையும் மேடைப் பேச்சும் எழுதிக் கொடுத்தவர் ஒரே ஆள், உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியர் அஹமது கபீர். அய்யம்பேட்டையிலிருந்து வேலைக்கு வந்து, கீழமதகடியிலேயே கடைமடையில், அதாவது வாய்க்கால் போய் முடிகிற மூலையில், ஆறு மா நிலம் வாங்கி மனைவி ஜன்னத் பீவியோடு தங்கிவிட்டவர். கட்சி பார்க்க மாட்டார், சொல்லைத்தான் பார்ப்பார். எதேச்சாதிகாரம் என்றால் நினைத்தபடி நடப்பது, கொடுங்கோன்மை என்றால் நேராக இருந்த கோல் பிறகு வளைந்தது, தர்பார் என்றால் நடத்துகிறவனைவிட வேடிக்கை பார்க்கிறவனுக்கு வெட்கம் அதிகம் என்று பிரித்துப் பிரித்து நோட்டில் எழுதி வைத்திருந்தார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் வாய்க்கால் படியில் இறங்கி, முழங்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு, அன்றைக்கு எழுதியதை உரக்கச் சொல்லிப் பார்ப்பார். காதுக்குச் சரியாக விழுந்தால்தான் கொடுப்பார். இருபது வருஷம் இப்படி நடந்தது. தண்ணீர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அதற்கு முந்தைய வருஷம், எழுபத்து நான்கில், மேட்டூர் திறக்க நாளாகிப்போய் வாய்க்காலில் வந்தது கணுக்கால் தண்ணீர். மேலமடைக்காரர்கள் அடைத்துக்கொண்டார்கள், கடைமடைக்காரர்கள் மண்வெட்டியோடு போய் உடைத்தார்கள், இரண்டு மண்டை உடைந்தது. சங்கமும் மிராசுதாரும் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்து பேசினார்கள். மதகை ஒரே ஆள் கையில் கொடுத்துவிடலாம், அவன் சொன்னால் சொன்னதுதான், யாரும் மறுபேச்சுப் பேசக்கூடாது என்று முடிவாயிற்று. அந்த ஆள் பஞ்சநதம் என்பதிலும் இரண்டு கருத்து இல்லை. அவர் ஊரின் நீர்க்கட்டி, மதகைத் திறந்து அடைத்துத் தண்ணீர் முறைவைக்கிறவர். முப்பது வருஷத்தில் ஒரு வெற்றிலைச் சுருளுக்குக்கூட மடை மாற்றாதவர். தன் எட்டு மாவுக்குக் கடைசியாகத்தான் பாய்ச்சிக்கொள்வார்.

பத்திரம் எழுதக் கபீர் வாத்தியாரைக் கூப்பிட்டார்கள். "முழு அதிகாரம்" என்று அவர் எழுதியதும் பட்டாபிராமன் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டார். "என்ன ஓய், இதுக்குப் பேரு சர்வாதிகாரமில்லையோ? நீர்தானே எனக்கே எழுதிக் கொடுத்தீர்?" என்றார். கபீர் சிரித்துக்கொண்டே அதை அடித்துவிட்டு "தனிப்பொறுப்பு" என்று எழுதினார். எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. எதுவரைக்கும் என்று கேட்டபோது, "தண்ணீர்ப் பஞ்சம் தீரும் வரை" என்று எழுதினார். தேதி போட்டால் பஞ்சம் அதற்குமேல் நீடித்துவிடுமே என்று நினைத்தார். அந்த வரியை அவர் பெருமையோடு இரண்டு தடவை படித்துக் காட்டினார். நூற்றுப் பதினேழு பேர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தார்கள்.

மறுநாள் பஞ்சநதம் மதகுப் பலகையை இறக்கப் போனபோது பலகை சிக்கிக்கொண்டது. எரிச்சலில் அவர் தண்ணீரைப் பார்த்துக் கையை உயர்த்தினார். தண்ணீர் நின்றது. பலகை இல்லாமல், மண் இல்லாமல், செங்குத்தாக நின்றது. உள்ளே ஒரு கெண்டை முட்டி முட்டித் திரும்பிப் போனதைப் பத்துப் பேர் பார்த்தார்கள். கையை இறக்கியதும் ஓடியது. அதற்கப்புறம் அவருக்கு மண்வெட்டி தேவைப்படவில்லை. நின்ற இடத்திலிருந்து விரலை நீட்டினால் போதும், எந்த மடைக்கு எவ்வளவு என்று தண்ணீரே பார்த்துக்கொண்டது. அந்தக் கணுக்கால் தண்ணீரை வைத்துக்கொண்டே அவர் ஊர் முழுவதையும் விளைய வைத்தார். பதினோரு வருஷத்துக்குப் பிறகு கடைமடையில் கதிர் சாய்ந்தது. நியாயத்தைச் சொல்ல வேண்டும், அந்த வருஷம் அவர் தெய்வம்தான். பொங்கலுக்கு அவருக்கு வேட்டி எடுத்துக் கொடுத்தார்கள்.

எழுபத்தைந்தில் தண்ணீர் கரை தொட்டு வந்தது. இனி பழையபடி முறைவைக்கலாமே என்று நாலு பேர் போய்க் கேட்டார்கள். பஞ்சநதம் பத்திரத்தை எடுத்து வரச் சொன்னார். "பஞ்சம் தீர்ற வரைக்கும்னு வாத்தியாரு எழுதியிருக்காரு. தீர்ந்துச்சா இல்லையான்னு யாரு சொல்லணும்? தண்ணி சம்பந்தப்பட்ட அத்தனையும் என் பொறுப்புன்னும் அவருதான் எழுதியிருக்காரு" என்றார். "தீரலை" என்றும் சொன்னார். வந்தவர்கள் வாய்க்காலைப் பார்த்தார்கள். அது கரை தளும்ப ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் டெல்லியிலும் ஏதோ அவசரம் என்று சொல்லி எல்லாவற்றையும் ஒரே கையில் எடுத்துக்கொண்டிருந்தார்கள். டீக்கடைக்கு வந்த பத்திரிகைகளில் சில பத்திகள் வெள்ளையாக வந்தன. டீக்கடைக்காரர் அந்த வெள்ளை இடத்தில் பால் கணக்கு எழுதினார்.

அதன் பிறகு உத்தரவுகள் வந்தன. யார் என்ன நெல் போடுவது, எந்தக் கிழமை நடவு, யார் வீட்டு விசேஷத்துக்கு யார் போவது என்று வந்தன. கேட்காதவன் வயலுக்குத் தண்ணீர் வராது. ஆவணியில் ஒரு நாள் பட்டாபிராமன் பொறுக்க முடியாமல், "இது சர்வாதிகாரம்டா பஞ்சநதம்" என்று கரையில் நின்று கத்தினார். பஞ்சநதம் அப்போது அங்கே இல்லை, சாப்பிடப் போயிருந்தார். அவர் கையைத் தூக்கவே வேண்டியிருக்கவில்லை. பட்டாபிராமனின் முப்பது வேலி நிலத்திலிருந்தும் தண்ணீர் தானாக வெளியேறி, வரப்பேறி, வந்த வழியே திரும்பிப் போயிற்று. பெண்கள் முழங்காலளவு சேற்றில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள், காலடியில் மண் வெடித்தது. அன்றைக்குத்தான் தண்ணீருக்குத் தமிழ் தெரியும் என்று ஊருக்குத் தெரிந்தது. பட்டாபிராமன் நான்கு நாள் பஞ்சநதத்தின் வாசலில் நின்று தண்ணீரைத் திரும்ப வாங்கினார்.

ஊர் உஷாராயிற்று. அந்தச் சொல்லை விட்டுவிட்டு எதேச்சாதிகாரம் என்றார்கள். ஒன்பது நாள் ஓடியது, பத்தாம் நாள் இரண்டு வயல் காய்ந்தது. கொடுங்கோன்மை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. தர்பார், ராஜாங்கம், நாட்டாமை, ஜபர்தஸ்து, அடாவடி என்று ஒவ்வொன்றாகப் போயிற்று. ஹிட்லர் என்று சொல்லிப் பார்த்தவனுக்கு அன்று மாலையே மடை திரும்பியது. மக்கள் கபீர் வாத்தியாரிடம் வந்து புதுச் சொல் கேட்டார்கள், அவரும் நோட்டைப் புரட்டிக் கொடுத்தார். பெருமையாகத்தான் இருந்தது அவருக்கு. ஐப்பசியில் சொற்கள் தீர்ந்துபோய், ஜனங்கள் முகவாயால் மதகுப் பக்கம் காட்டிப் பேசிக்கொண்டார்கள். அதையும் கபீர் நோட்டில் ஒரு சொல்லாகக் குறித்துக்கொண்டார். தான் படியில் நின்று சொல்லிப் பார்த்த வரிசையிலேயே தண்ணீரும் கற்றுக்கொண்டு வருகிறது என்பது அவர் மண்டையில் ஏறவில்லை.

கார்த்திகையில் பஞ்சநதம், கடைமடைக்கு இனித் தண்ணீர் கிடையாது என்று விரலை மடக்கிவிட்டார். காரணம் சொல்லவில்லை. பெய்த மழையும் தரையைத் தொட்டதும் அவர் கைக்குள் போய்விட்டது. நாற்பது ஏக்கர் பயிர் சருகாயிற்று, கபீர் வாத்தியாரின் ஆறு மா மட்டும் பச்சையாக நின்றது. ஒரு முழ அகலத்துக்கு ஒரு சரடுபோல் தண்ணீர், காய்ந்த வயல்களின் மேல் ஒரு சொட்டும் சிந்தாமல் போய், அவர் வயலில் மட்டும் இறங்கியது. பத்திரம் எழுதியவருக்கு மரியாதை என்று பஞ்சநதம் சொல்லியனுப்பியிருந்தார். ஜன்னத் பீவி வயலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஏங்க, இந்த நெல்லை நான் அவிக்க மாட்டேன்" என்றாள். கபீர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டார்.

கடைமடை காய்ந்ததால் களையெடுப்பும் இல்லை, அறுப்பும் இருக்கப்போவதில்லை. நடவுப் பெண்களுக்குத் தலைவியாக இருந்த அம்சம், இருபது பெண்களைக் கூட்டிக்கொண்டு மதகுக்குப் போனாள். பஞ்சநதத்தை மரியாதையாகத்தான் கேட்டாள். "எங்களுக்கு வேலை வேணுங்க, கடைமடைக்குத் தண்ணி விடுங்க" என்றாள். பஞ்சநதம் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். போன வருஷம் சங்கக் கூட்டத்தில் பேசுவதற்காகக் கபீர் எழுதிக்கொடுத்ததை அவள் அப்போதே மனப்பாடம் செய்திருந்தாள். அதையே நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்: "இது சர்வாதிகாரம். இதை நாங்க ஏத்துக்க மாட்டோம்."

அவளுக்கு ஒரு குழி நிலம்கூட இல்லை. அதனால் என்ன ஆகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வீட்டுக்குப் போய்க் குடத்தைச் சாய்த்தாள், தண்ணீர் குடத்தின் அடியில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. சொம்பில் மொண்டு கொடுத்தார்கள், உதட்டுக்கு அருகில் வந்ததும் விளிம்பேறி வெளியே குதித்தது. கஞ்சி அவள் கையில் சோறாயிற்று. இளநீர் வெட்டிக் கொடுத்தால் உள்ளே வழுக்கை மட்டும் இருந்தது. வண்டி கட்டித் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். பாட்டில் தண்ணீர் குழாய் வழியே மேலே ஏறிப் போவதை டாக்டர் பார்த்தார், மூன்று ஊசி மாற்றினார், பிறகு வெளியே போய் நின்றுகொண்டார். நான்காம் நாள் அவளைத் திரும்பக் கொண்டுவந்து, அவள் கேட்டபடி வாய்க்கால் படியில் உட்கார வைத்தார்கள். அவள் காலை நீட்டினாள். தண்ணீர் இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதங்களுக்கு மட்டும் வழிவிட்டு ஓடியது, அந்த இடத்தில் மண் பொடிப்பொடியாக இருந்தது.

கபீர் ஓடிவந்தார். அம்சம் அவரைப் பார்த்து, பேச்சு வராத நாக்கால், "நீங்க எழுதிக் குடுத்ததத்தானே சொன்னேன், வாத்தியாரய்யா. தப்பாச் சொல்லிட்டேனா?" என்று கேட்டாள். சரியாகத்தான் சொன்னாய் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் இறந்துவிட்டாள். ஓடுகிற தண்ணீரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் ஒரு மனுஷி தாகத்தால் செத்தாள். அவள் உட்கார்ந்திருந்த படிதான் அது, இருபது வருஷமாகக் கபீர் நின்று சொல் சொல்லிப் பார்த்த படி. தண்ணீருக்கு யார் வாத்தியார் என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுததை ஊர் பார்த்தது. யாரும் வந்து தேற்றவில்லை, தேற்றியிருந்தால்தான் தப்பு.

வீட்டுக்கு வந்து ஜன்னத் பீவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். பத்திரத்தில் தான் எழுதிய வரி, நோட்டு, படி எல்லாம் சொன்னார். அவள் அழவில்லை. "சொல்றவங்களை விட்டுத் தண்ணி ஒதுங்குதுல்ல? எல்லாரும் சொல்லிட்டா எங்க போவும்?" என்று கேட்டாள். எல்லோரையும் விட்டு ஒதுங்கினால் அது போவதற்கு மிச்சம் இருப்பது ஒரே இடம், அந்தச் சொல்லைச் சொல்லாத ஒரே ஆள். ஆனால் அதற்கு ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் சொல்ல வேண்டும். நிலமுள்ளவனுக்குப் பால் பிடித்து நிற்கிற சம்பா போய்விடும். நிலமில்லாதவனுக்குக் குடம் போய்விடும், நாலு நாள்தான் கணக்கு.

மார்கழி பிறந்து மூன்றாம் நாள் காலையில் ஊர் மதகடியில் கூடியது. அம்சத்தின் இருபது பெண்கள் முன்னால் நின்றார்கள். நிலமுள்ளவர்கள் பின்னால் நின்று தங்கள் வயலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கபீர் முதலில் சொன்னார். அவர் ஆறு மாவிலிருந்து அந்தச் சரடு சுருட்டிக்கொண்டு வெளியேறியது. அவருக்கு அடுத்து ஜன்னத் பீவி வந்தாள். கபீர் அவள் கையைப் பிடித்தார். நிலம் அவர் பெயரில் இருந்தது, அவளுக்கென்று இருந்தது குடம்தான். "வேணாம் ஜன்னத்து, நீ சொல்லாட்டி ஒண்ணுமில்ல" என்றார். "ஒரு ஆளு சொல்லாட்டியும் தண்ணி அந்த ஆளுகிட்டதான் போவும். நம்ம வீட்டுக்கு வரட்டுங்கிறீங்களா?" என்று கையை உதறிக்கொண்டு சொல்லிவிட்டாள். அந்தக் குரலைக் கேட்டபிறகு பெண்கள் மளமளவென்று சொன்னார்கள். கடைசியாகப் பட்டாபிராமன் நின்றார். முப்பது வேலியைப் பார்த்தார், அந்தப் பெண்களைப் பார்த்தார். "எத்தனை தடவை காரணமில்லாம சொல்லியிருக்கேன்" என்று முணுமுணுத்துவிட்டு அவரும் சொன்னார்.

ஊரின் தண்ணீர் முழுவதும் எழுந்து நடந்தது. வயல், குளம், கேணி, அண்டா எல்லாவற்றிலிருந்தும் புறப்பட்டுப் பஞ்சநதத்தின் எட்டு மாவுக்கும் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. அவர் எல்லைக்கல்லைத் தாண்டி ஒரு சொட்டும் வெளியே வரவில்லை, நான்கு பக்கமும் சுவர்போல் உயர்ந்தது. முதல் நாள் இடுப்பளவு. பஞ்சநதம் கையைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் அதை வரவேற்பு என்று எடுத்துக்கொண்டு இன்னும் வந்தது. இரண்டாம் நாள் வைக்கோல் போரின்மேல் ஏறிக்கொண்டார், தண்ணீரும் ஏறியது. வெளியே கரையில் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். நிலமுள்ளவர்களுக்கு மட்டும் இளநீர் வாயில் இறங்கியது, அதை அவர்கள் வெட்கப்பட்டு ஒளிந்து குடித்தார்கள். ஜன்னத் பீவியின் உதடு வெடித்திருந்தது. கபீர் அவளுக்கு விசிறிக்கொண்டே, தனக்குத் தெரிந்த துவா அத்தனையும் ஓதினார். அவரும் குடிக்கவில்லை.

மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் தண்ணீர் பஞ்சநதத்தின் கழுத்துக்கு வந்தது. அவர் பேச ஆரம்பித்தார். "நான் பொறுப்பாத்தானே இருந்தேன்" என்றார். தண்ணீர் அசையவில்லை. கட்டுப்பாடு என்றார், கண்டிப்பு என்றார், ஊர் நன்மை என்றார். அந்தச் சொற்களை யாரும் தண்ணீருக்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. அது அவர் முகவாயைத் தொட்டது. கரையில் ஒரு பெண் மயங்கிச் சாய்ந்தாள், கபீர் எழுந்து நின்று கத்தினார்: "பஞ்சநதம், அந்தச் சொல்லைச் சொல்லுங்க! பத்திரத்துல நான் எழுதாம மறைச்ச சொல்லு! தப்பு என்னுது, இருந்தாலும் நீங்கதான் சொல்லணும்!" பஞ்சநதம் அவரைப் பார்த்தார். பிறகு வாயில் தண்ணீர் புகுவதற்குச் சற்று முன்னால், யாரையோ காட்டிக்கொடுக்கிற குரலில், "நான் சர்வாதிகாரி" என்றார்.

தண்ணீர் அவரையும் விட்டது. ஒதுங்கிப் போக ஒரு இடமும் மிச்சமில்லாமல், சொன்னவர் சொல்லாதவர் என்ற வித்தியாசமே இல்லாத ஊரில், அது கொஞ்ச நேரம் தயங்கி நின்றது. அப்புறம் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு, தண்ணீர் போகிற வழக்கப்படி போயிற்று. கடைமடை வரை போயிற்று. கபீர் சொம்பில் மொண்டு ஜன்னத் பீவியின் வாயில் வைத்தார், அது உள்ளே இறங்கியது. தொண்டை ஏறி இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த வருஷம் கீழமதகடியில் ஒரு மணி நெல்லும் விளையவில்லை. தை மாதம் மதராஸில் ஆட்சியைக் கலைத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது ஜனங்கள் ரேஷன் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் எந்தச் சொல்லையும் சொல்லவில்லை, வாய்க்காலைத்தான் ஒருதரம் பார்த்துக்கொண்டார்கள்.

பஞ்சநதம் அதற்கப்புறமும் அதே ஊரில் பதினான்கு வருஷம் இருந்தார். யார் வந்தாலும் எழுந்து நிற்பார், தண்ணீர் குடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். நீர்க்கட்டி வேலை வருஷம் ஒருவர் என்று முறை மாறுகிறது, பத்திரத்தில் தேதி போடுகிறார்கள். கபீர் துண்டறிக்கை எழுதுவதை விட்டுவிட்டார். சர்வாதிகாரம் என்ற சொல்லை இப்போது ஊரில் மருமகளுக்கும் ரேஷன் கடைக்காரருக்கும் செலவழிப்பதில்லை. வருஷத்தில் ஒரு நாள், மேட்டூர்த் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து சேர்கிற அன்று, புது நீர்க்கட்டி முதலாக ஒவ்வொருவரும் படியில் இறங்கி, காலை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்கு மறந்துவிடக் கூடாதென்று ஒரே ஒரு தடவை அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டு ஏறிப் போகிறார்கள். அன்றைக்கு அம்சம் உட்கார்ந்திருந்த படியில் ஒரு குடம் தண்ணீர் வைப்பது வழக்கம். மத்தியானத்துக்குள் அது காலியாகிவிடும். சாயங்காலம் ஜன்னத் பீவி வந்து இன்னொரு குடம் ஊற்றிவிட்டுப் போவாள்.